எதிரியின் பெயர் கட்டாயம்

ஒரு காட்டில், அதாவது மரங்கள் போய்விட்ட பிறகும் பெயரை மட்டும் விடாமல் வைத்திருந்த ஒரு காட்டில், சுருளாயி என்றொரு செம்மறி ஆடு இருந்தாள். அவள் ஒரு மந்தைக்கே தலைவி. எந்த மலையில் எந்த மாதம் புல் முளைக்கும், எந்த ஊருணியில் எதுவரை தண்ணீர் நிற்கும், எந்தப் பாறை இடுக்கில் சிறுத்தை படுத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் நடந்தால் மந்தை நடக்கும். அவள் நின்றால் மந்தையும் நிற்கும். ஏன் நின்றோம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். செம்மறிகள் அல்லவா.

அதே காட்டின் அடிவாரத்தில் கொம்பையா என்றொரு காட்டுப்பன்றி கம்பு விவசாயம் பார்த்து வந்தான். பிறந்து கொஞ்ச நாளில் முளைத்த கோரைப்பல்லைக் கொம்பு என்று நினைத்து அவனுடைய அம்மா வைத்த பெயர் அது. பன்றிகளுக்கு உழவு பிறவியிலேயே வந்துவிடும். மூக்கைத் தரையில் வைத்துத் தள்ளினால் போதும், சால் ஓடிவிடும். ஏர் வேண்டாம், டிராக்டர் வேண்டாம், டீசல் வேண்டாம். ஜலதோஷம் பிடிக்காமல் இருந்தால் சரி.

இருவருக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. தை மாதம் கம்பு அறுத்து முடிந்ததும், மாசியில் சுருளாயி மந்தையோடு மலையிலிருந்து இறங்குவாள். கொம்பையாவின் வயலில் கிடை போடுவாள். ஆடுகள் அறுத்த தாளை மேயும், உதிர்ந்த கதிரைப் பொறுக்கும், இருட்டினால் அங்கேயே படுத்துப் புழுக்கை போடும். அந்தப் புழுக்கையை நம்பித்தான் கொம்பையாவின் அடுத்த வருஷக் கம்பு. ஆட்டுக்கு வயிறு நிறையும், மண்ணுக்கு உரம் ஏறும். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. “வர்றியாக்கா?” “வர்றேன் தம்பி.” அவ்வளவுதான்.

சுருளாயியின் தங்கை செவலைக்கு அந்த வயலில்தான் தலைப்பிரசவம் நடந்தது. குட்டி புரண்டு நின்றதால் செவலை துடித்துப் போனாள். வாடைக் காற்று வேறு. கொம்பையா தன் பெரிய உடம்பை அவளுக்கும் காற்றுக்கும் நடுவே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். பிறந்த கிடாக்குட்டிக்கு வீரணன் என்று பேர் வைத்ததும் அவன்தான். வீரணன் பேசப் பழகியபோது அவனை ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டான். பன்றியை ஆடு மாமா என்று கூப்பிடுவது இயற்கைக்கு முரண் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

பிறகு மழைக்குக் கிறுக்குப் பிடித்தது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காட்டின் ராஜாவான சிங்கத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ராஜாவின் குகைக்குக் குளிர்சாதனம் போட்டார்கள். அது கரியில் ஓடியது. கரிக்காக மேற்கு மலையின் மரங்களை வெட்டி மூட்டம் போட்டார்கள். மரங்கள் குறையக் குறைய வெயில் ஏறியது. வெயில் ஏற ஏறக் குகைக்கு இன்னும் குளிர் தேவைப்பட்டது. இன்னும் மூட்டம் போட்டார்கள். குகைக்குள் ராஜா கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

ஐப்பசியில் வரவேண்டிய மழை கார்த்திகையில் வந்தது. அதுவும் ஒரு வருஷத்து மழை ஒரே வாரத்தில் வந்தது. கொம்பையா விதைத்த விதையை அள்ளிக்கொண்டு போய்க் கண்மாயில் போட்டது. கண்மாயின் கரையை உடைத்துக்கொண்டு அங்கிருந்தும் போய்விட்டது. கொம்பையா ஈரம் இருக்கும்போதே அடித்துப் பிடித்து மறுபடி உழுது, தை மாதம் மறுவிதைப்பு விதைத்தான். மலையில் இருந்த புல்லோ, அந்த மழைக்கு அழுகி, அதன்பின் அடித்த வெயிலுக்குக் கருகியது.

மாசி பிறந்தது. சுருளாயி மந்தையோடு இறங்கி வந்தாள். வயலோரம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அறுத்த தாள் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று இளம் பயிர் நின்றது.

பின்னால் வந்த மந்தைக்கு எச்சில் ஊறியது. அந்தச் சத்தம் சுருளாயிக்கே கேட்டது.

“என்னக்கா இது, இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?” என்றான் கொம்பையா, பயிருக்கும் மந்தைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு.

“நான் எங்க சீக்கிரம் வந்தேன்? மாசி பிறந்தா வருவேன். மாசி பிறந்திருச்சு, வந்துட்டேன். நீதான் தம்பி லேட்டு.”

“நான் லேட்டு இல்லக்கா, மழை லேட்டு.”

“அப்ப மழையைத்தான் கேக்கணும்.”

“கேட்டுட்டுச் சொல்லு” என்றான் கொம்பையா. இருவரும் சிரித்தார்கள். மந்தை சிரிக்கவில்லை.

“சித்திரையில அறுத்திருவேன். அதுவரைக்கும் பொறுக்க முடியுமா?” என்று கேட்டான்.

சுருளாயி திரும்பி மந்தையைப் பார்த்தாள். பசியோடு நடந்து வந்ததில் செவலைக்கு விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தது. குட்டிகள் வற்றிப்போன மடியைச் சப்பிக்கொண்டிருந்தன. “பொறுக்கலாம் தம்பி” என்றாள். வேறு என்ன சொல்வது? மேலே மலையில் ஒன்றும் இல்லை, கீழே ஊரில் இதைத்தவிர ஒன்றும் இல்லை.

மந்தை உடைந்த கண்மாயின் கரையில் தங்கியது. கண்மாயின் நடுவில் எருமை படுத்து எழுந்த அளவுக்கு ஒரு குட்டை மட்டும் மிச்சம் இருந்தது. கொம்பையா தினமும் தன்னால் முடிந்த களையைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டான். ஒரு மந்தைக்குக் களை எந்த மூலைக்கு? ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்று பல் கூசி நின்றன. பன்றிகள் பக்கமும் சுகம் இல்லை. விதைத்ததில் பாதிதான் பிழைத்திருந்தது. அதைத் தின்ன எதிர்பார்த்துக்கொண்டு கொம்பையாவின் சொந்தபந்தம் மொத்தமும் படுத்துக் கிடந்தது.

கடைசியில் சுருளாயிதான் சொன்னாள்: “தம்பி, ராஜாகிட்ட போய்க் கேப்போம். ரெண்டு பேரும் சேந்து போனா தட்ட முடியாதுல்ல?”

சேர்ந்து போனார்கள்.

ராஜாவின் குகை வாசலில் நீண்ட வரிசை நின்றது. குகைக்குள்ளிருந்து குளிர்சாதனம் வெளியே தள்ளிய அனல் நேராக அந்த வரிசையின்மேல்தான் அடித்தது. வெயில் தாங்கவில்லை என்று மனுக் கொடுக்க வந்திருந்த முள்ளம்பன்றி ஒன்று, தன் முறை வருவதற்குள் மயங்கி விழுந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வரிசை நகர்ந்தது.

வாசலில் ஒரு மனு மெஷின் இருந்தது. விரலால் தொட்டால் பேசும். குளம்பால் தொட்டால் பேசாது. ஆகவே அதைத் தொடுவதற்கென்று ஒரு நரி அலுவலர் நியமிக்கப்பட்டிருந்தார். கழுத்தில் பட்டை, பட்டையில் அவருடைய படம். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பிரச்சினை?” என்றார் நேரில் சிரிக்காமல்.

“வறட்சிங்க” என்றாள் சுருளாயி.

நரி மெஷினைப் பார்த்தார். “வறட்சி இல்லையே.”

“ஐயா, குட்டிங்க சாகக் கிடக்குது. புல் இல்ல, தண்ணி இல்ல...”

“அம்மா, மெஷின்ல வறட்சி இல்ல. ஒரு வாரத்துல பெஞ்ச மழையை வருஷம் பூராவுக்கும் பிரிச்சுப் பாத்தா, வழக்கத்தைவிட ஒரு சொட்டு அதிகமாத்தான் பெஞ்சிருக்கு. நீங்க ராஜாவுக்கு நன்றி மனு கொடுக்கலாம். அதுக்குத் தனி வரிசை.”

கொம்பையா குறுக்கே வந்தான். “சார், அந்த மேற்கு மலை மூட்டத்தையாவது கொஞ்சம் நிறுத்தச் சொல்லி...”

நரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எதிரியின் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. ராஜா பேரைப் போடவா?”

கொம்பையா இரண்டடி பின்வாங்கினான்.

“அப்ப வெயிலோட பேரைப் போடுங்க” என்றாள் சுருளாயி.

“வெயிலுக்கு முகவரி என்ன?”

அவர்கள் முகத்தைப் பார்த்து நரிக்கே பாவமாகிவிட்டது போலும். அவர் கெட்டவர் இல்லை. மாதம் முழுக்க அந்த அனலில்தான் அவரும் நிற்கிறார். “இங்க பாருங்க,” என்றார். “வறட்சிக்குன்னு துறை கிடையாது. ஆனா மோதல் நிவாரணம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு கூட்டத்துக்குள்ள சண்டை வந்து பிழைப்புக் கெட்டுப்போச்சுன்னா, ஆட்டுக்கு வைக்கோல், பன்னிக்குக் கிழங்கு. கிடங்குல மக்கிக்கிட்டு இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது மோதல் உண்டா?”

“இல்லீங்களே” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அதான் உங்க பிரச்சினை” என்றார் நரி.

இருவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். “பேருக்குத்தானே தம்பி, போட்டுட்டுப் போவோம்” என்றாள் சுருளாயி. கொம்பையா தலையைச் சொறிந்தான். பிறகு திரும்பி வந்தார்கள். எதிரியின் பெயர் என்ற கட்டத்தில் அவள் கொம்பையா என்று சொன்னாள். அவன் சுருளாயி என்று சொன்னான். சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. “அக்கான்னு சேத்துப் போடுங்க சார்” என்றான். கட்டத்தில் இடம் இல்லை என்று நரி சொல்லிவிட்டார்.

சும்மா சொன்னால் போதாது, மோதலை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. மாசிக் கடைசியில் நரி செல்போனைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்தார். சுருளாயியும் கொம்பையாவும் வரப்பின் மேல் எதிரெதிராக நின்றார்கள். இது வெறும் நடிப்பு என்று இருவருமே தங்கள் கூட்டத்திடம் சொல்லவில்லை. செம்மறிகளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் அதைக் கத்தும் என்பது சுருளாயிக்குத் தெரியும்.

“ஆரம்பிங்க” என்றார் நரி.

“டேய், மண்ணு தின்னி!” என்றாள் சுருளாயி.

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நரி கோபித்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை சுருளாயி ஓடிவந்து அவன் விலாவில் முட்டினாள். அவன் தேவைக்கு அதிகமாகவே அலறிக்கொண்டு விழுந்தான். எழுந்து அவளை மூக்கால் நெம்பித் தள்ளினான். அவள் புரண்டு விழுந்து கால்களை உதறினாள். தூரத்தில் நின்ற மந்தை பதறியது. நரி திருப்தியாகப் போனை மடக்கினார்.

மறுநாளே வைக்கோல் வந்தது. கிழங்கும் வந்தது. மக்கல் வைக்கோல்தான், ஆனால் குட்டிகள் அதைத் தின்றுவிட்டுப் பல நாளுக்குப் பிறகு துள்ளின. அன்று சாயங்காலம் கரைக்கு மறைவில் இருவரும் சந்தித்துச் சிரித்து மாளவில்லை. “அந்த அலறல் எங்க தம்பி கத்துக்கிட்ட?” “உண்மையிலேயே வலிச்சிருச்சுக்கா.” தன் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக மந்தைக்குத் தீனி கிடைத்ததில்லை என்று சுருளாயி நினைத்தாள். மழையை எதிர்பார்த்து நின்றதைவிட, மலை மலையாக நடந்ததைவிட, ஒரு முட்டு முட்டுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

ஆனால் நரி எடுத்த படம் போனில் சும்மா இருக்கவில்லை. போனில் எதுதான் சும்மா இருந்தது? ஆடுகளுக்கு வந்த படத்தில் பன்றி நெம்புவது மட்டும் இருந்தது. பன்றிகளுக்கு வந்த படத்தில் ஆடு முட்டுவது மட்டும் இருந்தது. அது படத்தின் நீளம் கருதிச் செய்த வசதி என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள்.

வீரணன் இப்போது வளர்ந்து, முறுக்கிய கொம்போடு நின்றான். தன் பெரியம்மா வயதான காலத்தில் கால்களை உதறிக்கொண்டு கிடக்கும் அந்தப் படத்தை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவனைச் சுற்றி இளங்கிடாக்கள் கூடின. பூமி அதன்மேல் நடப்பவனுக்கே சொந்தம் என்று கோஷம் போட்டார்கள். அந்தப் பக்கம் கொம்பையாவின் மைத்துனன் உறுமன் இளம்பன்றிகளைக் கூட்டினான். பூமி அதைத் தோண்டுபவனுக்கே சொந்தம் என்று அவர்கள் கோஷம் போட்டார்கள். சொந்தம் கொண்டாடப்பட்ட பூமி வெடித்துப்போய்க் கிடந்தது.

“டேய் வீரணா, அவன் உன் மாமாடா” என்றாள் சுருளாயி.

“பன்னி எப்படிப் பெரியம்மா எனக்கு மாமா ஆவான்?” என்று கேட்டான் அவன். நியாயமான கேள்விதான். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் நரி மறுபடி வந்தார். போன மாதத்து மோதலையே இந்த மாதமும் காட்டினால் நிவாரணம் கிடையாதாம். மேலே ஒரு படி ஏற வேண்டுமாம். சுருளாயிக்குப் பயம் வந்தது. “போதும் தம்பி, நிறுத்திருவோம்” என்று கொம்பையாவிடம் சொன்னாள். “கம்பு பால் பிடிச்சிருக்குக்கா. கொஞ்சம் பொறுத்தா அறுத்திரலாம். அப்புறம் இந்த நரி மூஞ்சியிலயே முழிக்க வேணாம்” என்றான் அவன். அதுவரை பொறுக்கலாம் என்று இருவரும் நம்பினார்கள்.

ஆனால் மேலே ஏறும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். உறுமனும் அவன் ஆட்களும் ஒரு காலையில் கண்மாய்க் குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். குட்டையைத் தோண்டியது பன்றிகளின் மூக்கு, ஆகவே தண்ணீர் பன்றிகளுக்கு என்றான் உறுமன். அன்று பகல் முழுக்க ஆடுகள் வேலிக்கு வெளியே நின்றன. செவலைக்கு மறுபடி சினை. நாக்கு வறண்டு வெளியே தொங்கியது. சுருளாயி கொம்பையாவைத் தேடி வயலுக்கு ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் செவலை பொறுக்கமாட்டாமல் முள்ளுக்குள் தலையை விட்டாள். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. முள் கம்பளியில் மாட்டிக்கொண்டது. உறுமன் அவளைப் பார்த்தான். வேலியை உடைக்கிறாள் என்று நினைத்தானோ, படத்தில் பார்த்தது நினைவுக்கு வந்ததோ, தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான்.

கொம்பையாவும் சுருளாயியும் வந்து சேர்ந்தபோது செவலை தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தாள். கொம்பையா தன் உடம்பை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றான். இந்தமுறை மறைக்க ஒரு காற்றும் இல்லை.

வீரணன் அழவில்லை. அவன் நேராகக் கம்பு வயலுக்குப் போனான். மந்தை அவன் பின்னால் போனது. சுருளாயி நின்றால் நிற்கும் மந்தை, அன்று அவள் நின்றும் நிற்கவில்லை. பால் பிடித்த கதிர் அவ்வளவும் குளம்புக்கடியில் போனது. பசியோடு போன ஆடுகள் தின்னக்கூட இல்லை. மிதித்தன. பன்றிகள் ஓடிவந்தன. அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. இந்தத் தடவை நரி வரும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை.

மாலையில் சுருளாயி மந்தையின் நடுவே நின்று உண்மையைச் சொன்னாள். “நாங்க சண்டையே போடலடா. வைக்கோலுக்காக நடிச்சோம். அவன் என்னைக் கேக்காம ஒரு புல்லைக்கூட மிதிக்க மாட்டான். தப்பு என்னுது.”

மந்தை அவளைப் பார்த்தது. “அப்ப எங்கம்மா செத்ததும் நடிப்பா?” என்றான் வீரணன்.

பன்றிகளிடம் விலை போய்விட்டாள் என்று ஒரு குரல் வந்தது. உடனே எல்லாம் அதே குரலில் அதையே சொல்லின. அவளை ஒதுக்கி வைத்தார்கள். வேலியின் அந்தப் பக்கம் கொம்பையாவும் இதையே சொல்லிப் பார்த்தான். அவன் காதைக் கடித்துத் துரத்தினார்கள்.

ராஜா அமைதி காக்கக் கழுதைப்புலிகளை அனுப்பி வைத்தார். வயலின் நடுவே அவை கூடாரம் போட்டன. அவற்றின் சாப்பாட்டுச் செலவை இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்று உத்தரவு. கழுதைப்புலிகள் பாரபட்சம் பார்க்கவில்லை. ஒருநாள் ஆடு, ஒருநாள் பன்றி என்று இரு தரப்பையும் சமமாகச் சாப்பிட்டன. அவற்றின் நடுநிலையை ராஜா மெச்சினார்.

சுருளாயி தனியாக நடந்தாள். மந்தை இல்லாமல் நடந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கண்மாயின் அந்தக் கரைக்கு அப்பால், யாருக்கும் வேண்டாத ஒரு பொட்டலில் கொம்பையா படுத்திருந்தான். காதில் ஈ மொய்த்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ சொன்ன அன்னைக்கே நிறுத்தியிருந்தா செவலை...” என்று அவன் ஆரம்பித்தான்.

“வேணாம் தம்பி” என்றாள்.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. யாரும் எதிர்பார்க்காத மழை; ஆகவே கெடுக்காமல் பெய்தது. கொம்பையா எழுந்து மூக்கைத் தரையில் வைத்தான். சுருளாயி அவன் பின்னால் நடந்து புழுக்கை போட்டாள். ஓர் ஆட்டின் புழுக்கை எவ்வளவு மண்ணுக்குக் காணும்? அவ்வளவு மண்ணில்தான் அவன் சாமை விதைத்தான். முளைத்தது. சுருளாயி அதன் பக்கத்திலேயே படுத்தாள். பசித்தபோதும் பயிரில் வாய் வைக்கவில்லை. கொம்பையா களை பிடுங்கிப் பாதியை அவளுக்குப் போட்டான். பழைய ஏற்பாடுதான், அளவுதான் சின்னது. ஆடியில் சாமை தலை சாய்த்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குத் தாராளமாகப் போதும். விதைக்கும் மிஞ்சும்.

செய்தி எப்படியோ பரவியது. துரோகிகள் இரண்டு பேரும் கூட்டுப் பயிர் வைத்திருக்கிறார்கள் என்று ஆடுகள் பேசிக்கொண்டன. பன்றிகளும் அதையே பேசிக்கொண்டன. ஒருநாள் மத்தியானம் வடக்கேயிருந்து ஆடுகள் வந்தன. தெற்கேயிருந்து பன்றிகள் வந்தன. பொட்டலின் இரு ஓரத்திலும் நின்று ஒன்றையொன்று பார்த்தன. இதோ வெட்டிக்கொண்டு சாகப் போகிறார்கள் என்று சுருளாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். ஆடுகளும் பன்றிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சாமையைத் தின்றுகொண்டிருந்தன. துரோகியின் பயிரை ஒழிப்பது என்ற ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆடு கதிரைத் தின்றது. பன்றி வேரைத் தின்றது. வீரணன் ஒதுக்கிய தட்டையை உறுமன் கடித்தான். ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

“பாத்தியாக்கா,” என்றான் கொம்பையா, “சேந்து சாப்பிடுறாங்க.”

“நம்ம விதையையும் சேத்துத்தான் தம்பி” என்றாள் சுருளாயி.

கடைசிக் கதிரும் போனது. வயிறு நிறைந்த மிருகங்கள் அங்கேயே படுத்தன. ஓர் ஆட்டுக்குட்டி பன்றியின் முதுகில் தலை வைத்துத் தூங்கியது. அந்த நேரம் பார்த்து நரி அலுவலர் செல்போனோடு வந்தார். ஆடி மாத நிவாரணத்துக்கான ஆய்வு. அவர் அந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“என்ன இது? சமாதானமா?” என்றார். “சமாதானம் வந்துட்டா நல்லதுதான். நாளையிலேருந்து வைக்கோல், கிழங்கு ரெண்டையும் நிறுத்திரலாம். கழுதைப்புலிங்க மட்டும் இருக்கட்டும், சமாதானத்தைக் காக்கணும்ல? சொல்லுங்க, மோதல் இருக்கா, இல்லையா?”

தின்ன இனி அங்கே ஒன்றும் இல்லை. மலையில் இல்லை. வயலில் இல்லை. நரியின் பின்னால் கிடங்கில் மக்கிக்கொண்டிருந்த வைக்கோல் மட்டும்தான் இருந்தது. மந்தை தன்னையறியாமல், பழைய வழக்கப்படி, சுருளாயியின் முகத்தைப் பார்த்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தது. அவள் தூங்கும் குட்டியைப் பார்த்தாள். பிறகு கொம்பையாவைப் பார்த்தாள்.

அவன் மெல்ல எழுந்து நின்று, அவளுக்கு வாகாக விலாவைக் காட்டினான்.

அவள் பின்னுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்து முட்டினாள்.

“பத்தாதுக்கா,” என்றான் கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு. “எலும்பு முறியற மாதிரி முட்டு. சத்தம் போன்ல கேக்கணும்.”

அவள் கண்ணீரோடு மறுபடி பின்னுக்குப் போனாள். அதற்குள் அவளைச் சுற்றி மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள்.

நீதி: வெயிலை முட்ட முடியாது, ராஜாவை முட்டக் கூடாது. ஆகவே, முட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு நல்ல நண்பரை வைத்திருங்கள்.